வேலியே பயிரை மேய்ந்தால்...

"நேற்று வரை நன்றாகத்தானே இருந்தாள்! இன்றைக்கு என்ன வந்தது இவளுக்கு?"

இந்தக் கேள்வியை நீங்கள் அண்டை வீட்டில் கேட்டிருப்பீர்கள். ஏன், உங்கள் சொந்த வீட்டிலேயே கேட்டிருக்கலாம்.

ஒரு குடும்பத் தலைவியை மனக்கண்முன் கொண்டுவந்து பாருங்கள். ஜாசின் பக்கத்தில் ஒரு தோட்டம். அவளுக்கு முப்பது வயது இருக்கும். விடியுமுன் எழுந்து, சமைத்து வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்காட்டுக்குப் போய் வருகிறவள். சில மாதங்களாக அவளுக்கு விரல் மூட்டுகள் வீங்கி வலிக்கின்றன. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. "வேலை என்றால்தான் இவளுக்கு வலி வரும்" என்று மாமியார் முணுமுணுக்கிறார். பிறகு மறதி வருகிறது. உலையில் அரிசி போட்டதை மறந்து மறுபடியும் போடுகிறாள். காரணமில்லாமல் அழுகிறாள். ஒருநாள் நடு இரவில் சுவரைப் பார்த்து யாருடனோ பேசுகிறாள். கட்டிய கணவனையே, "நீ யார்?" என்று கேட்கிறாள்.

அப்புறம் நடப்பது நமக்குத் தெரிந்த கதைதான். "காத்துக் கருப்பு அடித்துவிட்டது" என்பார் ஒருவர். "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்பார் இன்னொருவர். குறி கேட்பார்கள், தாயத்துக் கட்டுவார்கள், பொமோவிடமும் அழைத்துப் போவார்கள். நாலு பேர், "இது தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்று வாய் கூசாமல் சொல்லிவிடுவார்கள். பேராக்கில் 1911-ல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரையே நாம் வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம் அல்லவா?

இந்தப் பெண் கற்பனைதான். ஆனால் அவளுக்கு வந்ததாகச் சொன்ன குறிகளில் ஒன்றுகூடக் கற்பனை அல்ல. அத்தனையும் ஒரே நோயில் வரக்கூடியவை. அந்த நோய் பேயும் அல்ல, சோம்பலும் அல்ல. அது இரத்தத்தில் இருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் அகப்படக்கூடியது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறோம்.

ஜாகாவுக்கே புத்தி தடுமாறினால்?

தோட்டத்தில் ஜாகா இருக்கிறார். இரவெல்லாம் விழித்திருந்து, வேற்று ஆள் நுழைந்தால் பிடிக்கிறார். நம் உடலுக்குள்ளும் இப்படி ஒரு காவல் உண்டு. இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களும், அவை உண்டாக்கும் எதிர்ப்பொருள்களும்தான் அந்தக் காவல். கிருமி நுழைந்தால் அடையாளம் கண்டு அழிப்பது அவற்றின் வேலை. சளி பிடித்து, மருந்தில்லாமலேயே ஒரு வாரத்தில் குணமாகிறதென்றால் அது இந்தக் காவலின் புண்ணியம்தான்.

ஆனால் சிலருக்கு இந்தக் காவல் ஆளடையாளம் தவறிவிடுகிறது. சொந்த மூட்டையும் சிறுநீரகத்தையும் தோலையும் சுரப்பியையும் அந்நியம் என்று எண்ணித் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்வது என்று நம் பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும். மருத்துவர்கள் இவற்றைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்று அழைக்கிறார்கள். இவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. யாருடைய பாவத்தாலும் வருவதில்லை. பிறவிக்கூறு, ஹார்மோன், கிருமித் தொற்று, வெயில் என்று பல காரணங்கள் ஒன்றுகூடி இவற்றைத் தூண்டுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கின்றன.

மூட்டு நோய்க்கும் மனதுக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்வி. உங்களுக்குக் கடும் காய்ச்சல் வந்த நாளை நினைத்துப் பாருங்கள். சோறு இறங்காது, யாரோடும் பேசப் பிடிக்காது, ஒரு கணக்குக்கூடச் சரியாக வராது, சுருண்டு படுக்கத் தோன்றும். கிருமியோடு போராடும்போது உடல் உண்டாக்கும் அழற்சிப் பொருள்கள் மூளைக்கும் செய்தி அனுப்புவதால்தான் அப்படி. காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும், மனமும் தெளிந்துவிடும். தன்னெதிர்ப்பு நோயிலோ இந்தப் போர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஓய்வதில்லை. சோர்வும் மனவாட்டமும் மந்தமும் அவளோடு குடியிருக்கின்றன.

இது ஒரு வழி. வேறு வழிகளும் உண்டு. சில எதிர்ப்பொருள்கள் நேராக மூளை நரம்பணுக்களின் மேலேயே போய் ஒட்டிக்கொள்கின்றன. சில, இரத்தத்தை உறையவைத்து மூளையின் இரத்தக்குழாயை அடைக்கின்றன. சில, ஒரு சுரப்பியை அழித்து மூளைக்கு வேண்டிய ஹார்மோனை இல்லாமல் செய்துவிடுகின்றன. எந்த வழியில் வந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: ஆள் மாறிவிட்டாள்.

டென்மார்க் நாட்டில் 1945 முதல் 1996 வரை பிறந்த 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2013-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தன்னெதிர்ப்பு நோய்க்காக மருத்துவமனைக்குப் போனவர்களுக்குப் பிற்காலத்தில் மனவாட்ட நோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 45 விழுக்காடு அதிகம் என்று அதில் தெரியவந்தது. ஆகவே, "எல்லாம் அவள் மனப்பிரமை" என்று தள்ளிவிட முடியாது.

கன்னத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி

முதலில் சொன்ன பெண்ணுக்கு இருக்கக்கூடிய நோயின் பெயர் லூபஸ். மூக்கின் மேலும் இரு கன்னங்களிலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போலச் சிவப்புத் தடிப்பு வருவது இதன் பெயர்பெற்ற அடையாளம். நம்முடைய மாநிறத்திலும் கறுப்பிலும் அது சிவப்பாகத் தெரியாமல் கருமையாகப் படர்ந்திருக்கலாம். வெயில் பட்டால் அதிகமாகும். "வெயிலில் கறுத்துவிட்டாள்" என்று நாம் விட்டுவிடுவோம். வாய்ப்புண், மூட்டு வலி, முடி உதிர்தல், அடிக்கடி காய்ச்சல், கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் ஆகியவையும் வரலாம். இந்நோய் கண்ட பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள்; பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள்.

இது வெறும் தோல் நோய் அல்ல, உடல் முழுவதையும் பற்றுவது என்று 1872-லேயே வியன்னா நகரத்து மருத்துவர் காப்போசி எழுதிவைத்தார். லூபஸ் மூளையையும் நரம்பையும் தாக்கும்போது வரக்கூடிய 19 வகைக் கோளாறுகளை அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் 1999-ல் பட்டியலிட்டார்கள். வலிப்பு, பக்கவாதம், நினைவுக் குறைவு, மனவாட்டம், பதற்றம், சித்தப்பிரமை எல்லாம் அதில் இடம்பெற்றுள்ளன.

"நம் நாட்டில் இதெல்லாம் உண்டா?" என்று கேட்பீர்கள். உண்டு. கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 539 லூபஸ் நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 1997-ல் வெளிவந்தது. சீனர்களிடையே அதிகமாகவும், இந்தியர்களிடையே அவர்களைவிடக் குறைவாகவும் இருப்பதாக அந்த ஆய்வு சொன்னது. குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. குறைவாக இருப்பதால்தான் நம் குடும்பங்களில் இதன் பெயரே பலருக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாத நோய்க்கு நாம் பேய் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

தாய்மார்களே, இன்னொன்று. கரு அடுத்தடுத்துக் கலைந்துபோகும் பெண்ணைக் குறைசொல்லும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. இரத்தத்தை உறையவைக்கும் எதிர்ப்பொருள்கள் சிலருக்கு உண்டாகி, கருவையும் கலைத்து, மூளையிலும் அடைப்பை ஏற்படுத்துகின்றன என்பதை 1983-ல் லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் விளக்கினார். இதற்கும் இரத்தப் பரிசோதனை உண்டு, மருந்தும் உண்டு. அந்தப் பெண்ணுக்குத் தேவை ஏச்சு அல்ல, டாக்டர்.

தாத்தா விழுங்கிய குயினா

லூபஸுக்கு இன்று கொடுக்கப்படும் முக்கிய மருந்தின் கதை நம் தோட்டக் கதையோடு ஒட்டியது. அந்நாளில் மலேரியாவுக்குப் பயந்து தோட்ட மக்களுக்குக் குயினா கொடுத்தார்கள். அந்தக் கசப்பைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே குயினாவை 1894-ல் லண்டனில் டாக்டர் பெய்ன் லூபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1951-ல் இங்கிலாந்தின் டாக்டர் பேஜ் மெப்பக்கிரின் என்ற மலேரியா மருந்து லூபஸைத் தணிப்பதாக எழுதினார். அந்த வழியில் வந்ததுதான் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்னும் மாத்திரை. 1955-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அது, இன்றும் உலகமெங்கும் லூபஸ் நோயாளிகளின் அன்றாட மருந்து. கொசுக் காய்ச்சலுக்கு வந்த மருந்து, தடம் மாறிய ஜாகாவையும் அடக்குகிறது!

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகக் கடையில் வாங்கி விழுங்கிவிட வேண்டாம். எடைக்கேற்ற அளவு உண்டு. கண்ணையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். டாக்டர் தந்தால் மட்டுமே அது மருந்து.

கழுத்தில் ஒரு சிறு சுரப்பி

இனி, லூபஸைவிட மிகச் சாதாரணமாகக் காணப்படும் ஒன்றைப் பார்ப்போம். தொண்டைக்குழிக்கு மேல் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது. உடல் என்னும் இயந்திரம் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று கட்டளையிடுவது அதுதான். உடலின் காவல் அந்தச் சுரப்பியைத் தாக்கி மெல்ல மெல்ல அழிக்கும் நோயை 1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்தார். சுரப்பு குறைந்தால் உடல் கனக்கும்; குளிர் தாங்காது; தோல் வறளும்; மலச்சிக்கல் வரும்; பேச்சு மெதுவாகும்; மனம் மங்கும். இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. அதில் சுரப்பு மிகுந்து, நெஞ்சு படபடக்கும், உடல் மெலியும், தூக்கம் போகும், தொட்டதற்கெல்லாம் கோபம் வரும்.

1949-ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில மருத்துவர் 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார். சித்தம் கலங்கியவர்கள் என்று கருதப்பட்ட அவர்களுக்கு உண்மையில் இருந்தது தைராய்டுக் குறைவு. தைராய்டு மருந்து கொடுத்ததும் அவர்களில் பெரும்பாலோர் தெளிந்தார்கள்! ஒரு மாத்திரையால் மீளக்கூடிய மனிதரைப் பைத்தியம் என்று ஒதுக்கியிருந்தால் எவ்வளவு பெரிய பாவம்!

வயதானவர்களுக்கு இன்னொரு வகை. உடலின் காவல் வயிற்றைத் தாக்கினால், உணவிலுள்ள பி12 சத்தை இரத்தத்தில் சேர்க்க முடியாமல் போகும். பாட்டிக்குக் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், மறதி வரும். "வயசாகிவிட்டது" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். சத்து ஊசி போட்டால் தேறக்கூடியவர்களும் அவர்களில் உண்டு. தாமதித்தால் நரம்புக்கு நிரந்தரச் சேதம்.

இருபத்தொரு நாள் அல்ல, இருபத்தொரு மணி நேரமும் பெரிது

கடைசியாகச் சொல்வது அபூர்வமான நோய்தான். ஆனால் பேய் பிடித்தது என்று நம்மவர்கள் சொல்லும் குறிகளோடு அச்சாகப் பொருந்துவது.

நல்ல ஆரோக்கியமாக இருந்த இளம்பெண். சில நாள் தலைவலி, காய்ச்சல். பிறகு தூக்கமில்லை; வீண் பயம்; தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று கத்துகிறாள். அடுத்து வலிப்பு. வாய் கோணுகிறது, கை தானாக ஆடுகிறது. முடிவில் பேச்சு நின்று, விறைத்துக் கிடக்கிறாள். இப்படி வந்த 12 பெண்களுக்கு நரம்பணுக்களின் மேல் ஒட்டிக்கொள்ளும் ஓர் எதிர்ப்பொருள் இருந்ததையும், அவர்களில் பெரும்பாலோருக்குச் சூலகத்தில் கட்டி இருந்ததையும் 2007-ல் டாக்டர் ஜோசப் டால்மாவும் அவர் தோழர்களும் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். கட்டி இல்லாதவர்களுக்கும் இந்நோய் வரும் என்பது பின்னர் தெரிந்தது.

2009-ல் நியூயார்க் நகரத்துப் பத்திரிகைப் பெண் சுசானா காஹலன் இந்நோயால் படுத்தார். வயது 24. குடிப்பழக்கம் என்றார் ஒரு டாக்டர். மனநோய் என்றார்கள் வேறு சிலர். டாக்டர் நஜ்ஜார் என்பவர் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா எண்களையும் அவர் வட்டத்தின் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதினார். மூளையின் ஒரு பாதி அழற்சியால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று டாக்டருக்கு அப்போதே புரிந்தது. சிகிச்சை பெற்றுத் தேறிய அவர் தம் கதையை 2012-ல் நூலாகவே எழுதினார்.

இந்நோய் கண்ட 577 பேரை ஆராய்ந்து 2013-ல் வெளியான அறிக்கை நமக்கு நம்பிக்கை தருகிறது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 81 பேர் நன்கு தேறியிருந்தார்கள். சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கியவர்கள் அதிகம் தேறினார்கள். ஆகவே, தாயத்துக் கட்டி இருபத்தொரு நாள் பார்ப்போம் என்று காத்திருக்கும் நோய் அல்ல இது. வலிப்பு வந்தாலோ, நினைவு தடுமாறினாலோ, ஆளே திடீரென்று மாறினாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி இல்லையென்றால் 999-ஐ அழையுங்கள்.

சாமி கும்பிட வேண்டாமா?

யார் சொன்னது? மாசி மகத்துக்குச் சன்னாசிமலை ஆண்டவரிடம் நேர்ந்துகொள்வதை யாரும் தடுக்கவில்லை. திருநீறு பூசுங்கள், மனதுக்குத் தெம்பு. பூசிய கையோடு கிளினிக்குக்கும் புறப்படுங்கள். ஆண்டவன் வேண்டாம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. டாக்டர் வேண்டாம் என்று எந்த ஆண்டவனும் சொன்னதில்லை. ஆனால் பேயோட்டுகிறேன் என்று அடிப்பதும், கட்டிப்போடுவதும், பட்டினி போடுவதும் வழிபாடு அல்ல; கொடுமை.

எல்லா மனநோயும் இப்படித்தான் வருகிறது என்றும் எண்ணிவிடக் கூடாது. மனவாட்டத்துக்கு ஆளான பெரும்பாலோருக்குத் தன்னெதிர்ப்பு நோய் இருப்பதில்லை. அவர்களுக்கும் நல்ல சிகிச்சை உண்டு. மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாம் சொல்வது இவ்வளவுதான்: மனம் மாறும்போது உடலையும் சோதியுங்கள், உடல் நோயாளியின் மனத்தையும் கேளுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் கொடுப்பது ஒரு வெள்ளிதான். அங்கிருந்து தேவைக்கேற்ப ஜாசின், அலோர் காஜா ஆஸ்பத்திரிக்கோ மலாக்கா பெரியாஸ்பத்திரிக்கோ கடிதம் தருவார்கள். போகும்போது ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்: மாற்றம் எப்போது தொடங்கியது? காய்ச்சல், மூட்டு வலி, முடி உதிர்தல், தோல் தடிப்பு, வாய்ப்புண், வலிப்பு, கருச்சிதைவு இருந்ததா? குடும்பத்தில் வேறு யாருக்கேனும் தைராய்டோ லூபஸோ உண்டா? நோயாளியால் சொல்ல முடியாததை, பார்த்துக்கொண்டிருந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு, "தலைவலி, டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். மலாய் சரியாக வராதென்றால் பள்ளி போகும் பிள்ளையையோ பக்கத்து வீட்டுக்காரரையோ அழைத்துச் செல்லுங்கள்.

மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் முகம் உப்பும், பசி எடுக்கும், சிலருக்குத் தூக்கம் கெட்டு மனமும் அலைபாயும். "முகம் அசிங்கமாகிவிட்டது" என்று தானாக நிறுத்திவிட்டு உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்கிறவர்கள் உண்டு. தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவை அவர் படிப்படியாகக் குறைப்பார். சந்தையில் "மூட்டு வலிக்குக் கைகண்ட மருந்து" என்று விற்கும் ஜாமு, தூள்களில் இரகசியமாக ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. 'எம்.ஏ.எல்.' பதிவு எண் இல்லாததைத் தொடாதீர்கள்.

லூபஸ் இருந்தால் வெயிலில் தொப்பியும் நீண்ட கைச் சட்டையும் வேண்டும். செம்பனைக் காட்டில் வேலை என்றால் டாக்டரின் கடிதத்தை நிர்வாகத்திடம் காட்டி நிழல் வேலை கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. மனம் தாங்காமல் தவித்தால், சுகாதார அமைச்சின் ஆலோசனைத் தொலைபேசி எண் 15555.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. நோய்வாய்ப்பட்டவளின் காதுபட, "பைத்தியம்", "சோம்பேறி" என்று சொல்லாதீர்கள். மூளை குழம்பிய வேளையிலும் சொல் காதில் விழுந்து மனதில் தங்கிவிடும். பிள்ளைகளிடம், "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் இப்படிப் பேசுகிறாள், உன்மேல் கோபமில்லை" என்று விளக்குங்கள். அந்தப் பிஞ்சுகளுக்கு அது பெரிய ஆறுதல்.

முதலில் சொன்ன அந்த ஜாசின் பெண்ணிடம் திரும்புவோம். அவளுக்கு முன்னே இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்றில், மாதங்கள் கழிகின்றன, சிறுநீரகமும் மூளையும் கெடுகின்றன, ஊர் ஒதுக்குகிறது. மற்றொன்றில், முடி உதிரத் தொடங்கியபோதே மாமியார், "வா அம்மா, ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிட்டு வருவோம்" என்கிறார். எந்தப் பாதை என்பதை அவள் தீர்மானிக்கப் போவதில்லை. அவளால் அப்போது முடியாது. தீர்மானிக்கப் போவது பக்கத்தில் இருக்கும் நீங்கள்தான்.